கருவிழியில் ஒரு கருங்கோடு

முதல் லைட் எதை வாங்கலாம் என்று கேட்டு மாதத்துக்கு இரண்டு பேராவது எனக்கு போன் செய்கிறார்கள். புதிதாக ஸ்டுடியோ தொடங்கப் போகிறவர்கள். தஞ்சாவூரிலிருந்து, பட்டுக்கோட்டையிலிருந்து, போன வாரம் ஒருவர் அதிராம்பட்டினத்திலிருந்து. கேமராவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. எத்தனை வாட், ஒன்றா இரண்டா, ஃப்ளாஷா எல்.இ.டி.யா என்று கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு வாக்கியம் சொல்வார்கள். "அவர் வச்சிருக்கற மாதிரியே வேணும் சார்."

அந்த அவர் யாரென்று நான் கேட்பதில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருக்கிறார். எனக்கும் இருந்தார். பூதலூர் ஸ்டேஷன் ரோட்டில், என் கடையிலிருந்து எட்டாவது கடை. பெயர் விமலா.

இப்போது கடையை மூடிவிட்டேன். அதனால் சொல்வதில் சிரமமில்லை. என் முதல் லைட்டை நான் முழுக்க முழுக்கப் பொறாமையால் வாங்கினேன். எப்படி வாங்கினேன், அதனால் ஒரு மனிதருக்கு என்ன நடக்க இருந்தது என்பதை எழுதி வைக்கிறேன். போனில் சொல்ல முடியாத அளவுக்கு நீளமான பதில் இது.

ஸ்டுடியோவுக்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் ஒரு நாளிதழில் மாவட்டப் புகைப்படக்காரனாக இருந்தேன். அங்கே எங்களுக்கு மேலே ஒரு மூத்த புகைப்படக்காரர் இருந்தார். அதிகம் பேசமாட்டார், யாரையும் பாராட்டமாட்டார். நான் சேர்ந்த புதிதில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது. பாலத்தின் மேலிருந்து படம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் போட்டிப் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. கூரை மேல் நிற்கும் ஒரு குடும்பம், கண் மட்டத்தில், அவர்கள் நம்மையே பார்ப்பதுபோல. அவனிடம் பெரிய லென்ஸ் இருக்கிறது சார், நம்மிடம் இல்லை என்றேன். அவர் இரண்டு பேப்பரையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"லென்ஸப் பாக்காதய்யா. எடுத்தவன் எங்க நின்னான்னு பாரு. நீ பாலத்துல நின்ன. அவன் இடுப்பளவு தண்ணியில நின்னிருக்கான்."

அதற்குப் பிறகு எந்தப் படத்தைப் பார்த்தாலும் எடுத்தவர் நின்ற இடத்தை மனதுக்குள் குறித்துக்கொள்வேன். நிழல் விழும் திசை, அடிவானத்தின் உயரம், கண்ணாடிகளில் தெரியும் பிம்பம் எல்லாவற்றையும் வைத்துச் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கர்வம் இருந்தது. அந்தக் கர்வம்தான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

பத்திரிகை மாவட்டப் புகைப்படக்காரர்களைக் குறைத்தபோது என் வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவியின் ஊரான பூதலூருக்கு வந்து ஸ்டேஷன் ரோட்டில் ஒரு கடை பிடித்தேன். பத்துக்கு எட்டு அறை, தலைக்கு மேலே சாமான் போடும் பரண். பாஸ்போர்ட் படம், ஆதார் படம், சிங்கப்பூர் போகிறவர்களுக்கான படம். கேமராவின் தலையில் செருகும் சின்ன ஃப்ளாஷை வெள்ளைச் சுவரில் அடித்து, அதையே வெளிச்சமாக வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்கு அது போதும். ஆனால் கல்யாணத்துக்குப் பெண்ணின் படம், அறுபதாம் கல்யாணத்துக்குத் தம்பதி படம், வீட்டுச் சுவரில் மாட்டும் படம் என்று வந்தால் என் கடையைத் தாண்டிப் போனார்கள். எட்டாவது கடைக்கு.

விமலாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கணவர் வீட்டாரின் பழைய ரைஸ்மில் ஓடாமல் நின்றுபோயிருந்தது. அதன் முன்பக்கம், ரோட்டைப் பார்த்த சிறிய அறையில் கடை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர் தெரியும். படம் எடுப்பது உள்ளே. அந்த உள்ளே என்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் போனதே இல்லை. ஒரே தெருவில் கடை வைத்திருப்பவர் உள்ளே போய்ப் பார்த்தால் அது தோல்வியை ஒப்புக்கொண்டதாகும் என்று நினைத்தேன்.

போகவில்லையே தவிர, பார்க்காமல் இருந்த நாளே இல்லை. அந்தக் கடை வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கிறது என்று டீ குடிக்கப் போகும்போது எண்ணுவேன். ஒரு முறை விமலாவுக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் கடை அடைத்திருந்தார். அந்த நான்கு நாளும் எனக்கு நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூங்கினேன். ஐந்தாம் நாள் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டதும் என் மனதில் எழுந்தது என்னவென்று இங்கே எழுத மாட்டேன்.

பொறாமைக்குக் காரணம் வியாபாரம் மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். படங்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. வெயிலில் கறுத்த முகம் கறுப்பாகவே இருக்கும், அதை வெளுப்பாக்கியிருக்க மாட்டார். ஆனால் அந்தக் கறுப்பு முழுவதும் மெதுவாக ஒளிரும். எங்கே வெளிச்சம் முடிகிறது, எங்கே நிழல் ஆரம்பிக்கிறது என்று கோடு போட முடியாது. பத்திரிகையில் இத்தனை வருடம் முகங்களை எடுத்த எனக்கு அப்படி ஒன்று வந்ததில்லை. பத்திரிகைப் படத்தில் முகம் ஒரு செய்தி. விமலா எடுத்தவற்றில் அது முகமாக மட்டும் இருந்தது.

ஆகவே துப்புத் துலக்க ஆரம்பித்தேன். மனிதக் கண் ஒரு சின்னக் கண்ணாடி என்பது உங்களுக்குத் தெரியும். எதிரே என்ன வெளிச்சம் இருக்கிறதோ அது கருவிழியில் வெள்ளையாக விழும். ஃப்ளாஷுக்கு வெள்ளைக் குடை வைத்து எடுத்தால் வட்டம், முன்பக்கம் வெள்ளைத் துணி மூடிய பெட்டி வைத்து எடுத்தால் சதுரம். பாஸ்போர்ட் எடுக்க என்னிடம் வருகிறவர்களின் போனில் விமலா எடுத்த படம் இருந்தால், தகவல் சரிபார்க்க வேண்டும் என்று ஏதோ சொல்லி வாங்கிக்கொள்வேன். கம்ப்யூட்டரில் போட்டுக் கண்ணை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பேன். என் மனைவி ஒரு நாள் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவனவன் பொம்பள மூஞ்சியப் பாக்கறான்னு சண்ட போடுவாளுங்க. நீங்க கெழவன் கண்ணு முழியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. நான் எந்தக் கணக்குல சண்ட போடறது?"

எல்லாக் கண்ணிலும் ஒரே வடிவம். உயரமான வெள்ளைச் செவ்வகம். அதன் நடுவில், கீழிருந்து முக்கால் உயரம் வரை, மெல்லிய கருங்கோடு. ஒன்றில் கொஞ்சம் இடமாக, ஒன்றில் கொஞ்சம் வலமாக, ஆனால் தவறாமல் இருந்தது. இன்னொன்றும் கண்டேன். தையிலும் மாசியிலும் எடுத்த படங்களில் மட்டும் தாடைக்கு அடியில் இளமஞ்சள் பரவியிருந்தது. மற்ற மாதங்களில் அது இல்லை.

டீக்கடைக்காரரிடம் போகிற போக்கில் கேட்டேன், அந்தப் பொண்ணு என்ன லைட் வச்சிருக்கு என்று. மில்லுக்குத் தினமும் டீ கொண்டுபோகிறவர் அவர்.

"லைட்டா? ஒரு ட்யூப்லைட் இருக்கு. அதுவும் பாதி நாளு எரியாது" என்றார்.

விமலா சொல்லிக்கொடுத்துச் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். கண்ணெதிரே கிடைத்த உண்மையை அப்படித்தான் தள்ளிவிட்டேன். பொறாமைப்படுகிறவனுக்குச் சாதாரணமான பதில் பிடிக்காது.

பெரிதாக்கிய ஒரு கண்ணை பிரிண்ட் எடுத்துக்கொண்டு திருச்சியில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் விஷயம் தெரிந்தவர். முதலில் உங்கள் அறை எவ்வளவு அகலம் என்றுதான் கேட்டார். அதை விடுங்கள், இதைப் பாருங்கள் என்று கண்ணைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். ஒடுக்கமான, ஆளுயரப் பெட்டி லைட் இரண்டு, பக்கத்துப் பக்கத்தில், நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்திருக்கிறார்கள் என்றார். இடைவெளிதான் அந்தக் கருங்கோடு. மஞ்சளுக்கு? கீழே, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் தங்க நிறத் தட்டி பிடித்திருப்பார்கள். நானும் அதையேதான் நினைத்திருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே பதில் வந்தால் அது சரியான பதில் என்று தோன்றிவிடுகிறது.

இரண்டு ஃப்ளாஷ், இரண்டு ஆளுயரப் பெட்டி, ஒரு தங்கத் தட்டி. பூதலூர் ஸ்டேஷனில் இறங்கியதும் ஆட்டோவை நேரே என் கடைக்கு விடாமல் எட்டாவது கடையைச் சுற்றிப் போகச் சொன்னேன். சத்தம் கேட்டு விமலா வெளியே வந்து பார்த்தார்.

"பெரிய லைட்டா இருக்கேண்ணே. நல்லா வரட்டும்."

கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெட்டிகள் என் அறையில் நிமிரவில்லை. பரண் இடித்தது. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் நான் நிற்க இடமில்லை. இரண்டு பக்கமும் பிரித்து வைத்தால் இரு கன்னமும் பளிச்சென்று ஆகி, நடு முகத்தில் மூக்கை ஒட்டி இருட்டு இறங்கியது. தங்கத் தட்டியைக் கீழே வைத்தால் உட்கார்ந்தவர்கள் மஞ்சள் காமாலை வந்தவர்கள்போல் ஆனார்கள். அளவைக் குறைத்தேன், கூட்டினேன், துணி போட்டு மூடினேன். நான்கு மாதம் போனது. குற்றம் என் கேமராவில் இருக்குமோ என்று அடுத்த சந்தேகத்துக்குப் போயிருந்தேன்.

கார்த்திகை மாதம் ஒரு நாள் காலை பத்தரை மணி இருக்கும். மூன்று நாளாக விடாத தூறல். ஒரு கணவனும் மனைவியும் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவர் பெயர் தங்கராசு, ஐம்பது வயதுக்குள். இரண்டு ஏக்கர் சொந்தம், மூன்று ஏக்கர் குத்தகை என்று பிறகு தெரிந்தது. தோளில் கிடந்த துண்டின் முனையை இடது தாடையில் பிடித்தபடி நின்றார். பேசியது மனைவி, சரோஜா.

நாளைக் காலையில் தஞ்சாவூரில் அவருக்கு வாயில் ஆபரேஷன். இடது தாடை எலும்பில் பாதியை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்று மூன்று மணிக்குள் போய் அட்மிட் ஆக வேண்டும். கல்யாணத்தில் எடுத்த படம் வெள்ளத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு ஆதார் அட்டைப் படம் தவிர வேறு எதுவும் இல்லை. நாளைக்கு முன்னால், இப்போதிருக்கிற முகத்தில் ஒரு படம் வேண்டும்.

"விமலாக்காகிட்டதான் போனோம். இன்னைக்கு எனக்கு லைட் இல்லீங்க, அண்ணன்கிட்ட பெரிய லைட் இருக்கு, நல்லா எடுப்பாரு, அங்க போங்கன்னாங்க" என்றார்.

எனக்குள் இரண்டு எண்ணம் ஒரே நேரத்தில் ஓடியது. ஒன்று, இவர்கள் முதலில் அங்கேதான் போயிருக்கிறார்கள். இன்னொன்று, அங்கே கிடைக்காததை இங்கே கொடுத்துக் காட்ட வேண்டும். எதிரே நின்ற மனிதருக்கு நாளை என்ன நடக்கப் போகிறது என்பது மூன்றாவதாகத்தான் வந்தது.

ஸ்டூலில் உட்கார வைத்தேன். துண்டை எடுத்தார். வீக்கம் ஒரு பெரிய எலுமிச்சை அளவுக்கு இருந்தது. இரண்டு பெட்டியையும் இரண்டு பக்கம் வைத்து முதல் படம் எடுத்துத் திரையில் காட்டினேன். பக்கவாட்டு வெளிச்சம் மேட்டையும் பள்ளத்தையும் செதுக்கிக் காட்டும். அதுதான் அதன் இயல்பு. சரோஜா குனிந்து திரையைக் கிட்டத்தில் பார்த்தார்.

"வீக்கம் இருக்கட்டுங்க. இருக்கறதுதானே. ஆனா இதுல வீக்கம்தான் இருக்கு, இவரக் காணும்."

சரி செய்கிறேன் என்றேன். பெட்டிகளை முன்னால் இழுத்தேன், பின்னால் தள்ளினேன். பத்து, இருபது, நாற்பது படம். ஒவ்வொரு முறையும் ஃப்ளாஷ் அடிக்கும்போது அவர் வாயை மூடி, முகத்தை நிமிர்த்தி, வலியைத் தாங்கிப் பிடித்திருந்தார். முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. நெற்றியில் வேர்த்திருந்தது.

அப்போது எனக்குப் பத்திரிகைத் தந்திரம் ஒன்று ஞாபகம் வந்தது. இடது பக்க லைட்டை அணைத்துவிட்டேன். வலது பாதி முகம் வெளிச்சத்தில், இடது பாதி முழு இருட்டில். அரசியல்வாதிகளை, எழுத்தாளர்களை அப்படி எடுத்து அரைப்பக்கம் போடுவோம். வீக்கம் மறைந்துவிட்டது. படமாகப் பார்த்தால் கம்பீரமாக இருந்தது. எனக்கே திருப்தி. திரையைத் தங்கராசுவிடம் நீட்டினேன்.

வந்ததிலிருந்து அவர் வாய் திறக்கவில்லை. இப்போது துண்டை எடுத்துத் தாடையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"பாதி மூஞ்சிதானேங்க இருக்கு. அதத்தான் நாளைக்கி அவுங்களே செய்யப் போறாங்களே."

நான் கேமராவைக் கீழே வைத்தேன். நிறைய விபத்துகளை எடுத்திருக்கிறேன், பிணங்களை எடுத்திருக்கிறேன். பாதியில் கேமராவைக் கீழே வைத்ததில்லை.

அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சரியாகச் சொல்வதென்றால், தெரிந்தது, செய்ய மனமில்லை. பதினொன்றே கால். ஒரு மணிக்குள் அவர்கள் கிளம்பியாக வேண்டும். இப்போதைக்கு இதுதான் வரும் என்று சொல்லி அனுப்பிவிடலாம். காசு வேண்டாம் என்று சொன்னால் போதும், அவர்கள் வருத்தப்பட மாட்டார்கள், எனக்கும் நல்ல பெயர். இதை எல்லாம் கணக்காக யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே சரோஜா தன் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டார். துடைத்துவிட்டு அந்த இடது தாடையை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையை எடுக்க என்னிடம் லைட் இல்லை.

ஐந்து நிமிடம் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தேன். எட்டுக் கடை. விமலா கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"எனக்கு வரலம்மா" என்றேன். "உன் லைட்ட ஒரு மணி நேரம் குடு."

"லைட்டாண்ணே?"

"அதான், அந்த ரெண்டு பெட்டி லைட்டு. உள்ள வச்சிருக்கறது."

அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, வாங்க என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே பழைய மில்லின் மூட்டை அடுக்கும் கூடம். ஒரு மர நாற்காலி. அதற்கு எதிரே பத்தடி தள்ளி, மாட்டுவண்டி நுழையும் அளவுக்கு உயரமான ஒரு கதவு திறந்து கிடந்தது. கதவுக்கு வெளியே தகரம் போட்ட தாழ்வாரம். அதைத் தாண்டி நெல் காயப்போடும் சிமெண்டுக் களம், அரை ஏக்கர் இருக்கும். மழையில் நனைந்து கறுத்துக் கிடந்தது. ஓரத்தில் யாருடைய குறுவை நெல்லோ தார்ப்பாய் போட்டு மூடிக் குவிந்திருந்தது. சுவரில் ஒரே ஒரு ட்யூப்லைட். எரியவில்லை.

"லைட் எங்கம்மா?"

விமலா களத்தைக் காட்டினார். "அந்தா மழையில நனைஞ்சி கெடக்கே. காஞ்சாதாண்ணே வெளிச்சம் அடிக்கும்."

வாசற்படியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தது. அங்கே நின்றுதான் எடுப்பாராம். வெயிலில் வெளுத்த களத்திலிருந்து எழும் வெளிச்சம் கதவு வழியாக உள்ளே வந்து நாற்காலியில் இருப்பவர் முகத்தில் விழும். அந்தக் கதவுதான் செவ்வகம். தையிலும் மாசியிலும் களம் முழுக்கச் சம்பா நெல் காயும். அதுதான் தாடைக்கு அடியில் பரவிய மஞ்சள். நான் விலை கொடுத்து வாங்கிய தங்கத் தட்டி அது.

கருங்கோடு என்ன என்று அப்போது யோசிக்க நேரமில்லை.

நடந்ததைச் சொன்னேன். பாதி மூஞ்சி என்று அவர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். விமலா களத்தைப் பார்த்தார், தகரத் தாழ்வாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"களம்தாண்ணே கறுத்துப் போச்சு. படுதா இருக்கே."

யூரியா சாக்குகளைப் பிரித்து ஒன்றோடொன்று தைத்த பெரிய வெள்ளைப் படுதா. நெல் காயப்போட எங்கள் பக்கத்தில் எல்லாக் களத்திலும் இருக்கும். அதைத் தாழ்வாரத்தின் வெளி ஓரத்தில், தகரத்தைத் தாங்கும் குழாயில் கட்டித் தொங்கவிட்டால் கதவுக்கு எதிரே ஒரு வெள்ளைச் சுவர் ஆகிவிடும். வெளிச்சத்தை அதில் அடித்தால் திரும்பி உள்ளே வரும். ஆனால் அடிக்க அங்கே எதுவும் இல்லை. என்னிடம் இருந்தது.

நான் ஓடிப் போய் அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு, என் லைட்டுகளையும் கொண்டுவருவதற்குள் விமலா படுதாவைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஆளுயரப் பெட்டிகளைக் கழற்றிக் கடையிலேயே போட்டுவிட்டேன். ஃப்ளாஷ் தலைகளை மட்டும் கதவின் இரு புறமும் நனையாத இடத்தில் வைத்து, படுதாவைப் பார்த்துத் திருப்பினேன். எக்ஸ்டென்ஷன் போர்டை நனையாமல் ஒரு ஸ்டூலின் மேல் தூக்கி வைத்தேன். தங்கராசு நாற்காலியில் உட்கார்ந்தார். சரோஜா பக்கத்தில் நின்றார். ஒரு முறை அடித்துப் பார்த்தேன். கூடம் முழுவதும் ஒரு கணம் நல்ல வெயில் நாள் ஆனது.

காற்றுதான் பிரச்சினை. படுதா கப்பல் பாய்போல உள்ளே வந்து ஃப்ளாஷை இடித்தது. மேலே கட்டிய மாதிரி கீழே கட்ட எதுவும் இல்லை. யாராவது அதன் நடுவைப் பிடித்து வெளியே தள்ளி நிற்க வேண்டும்.

"அண்ணே, நீங்க உசரம். நீங்க பிடிங்க" என்றார் விமலா. பிறகு, கொஞ்சம் தயங்கி, "நான் எடுக்கறேன்" என்று கையை நீட்டினார்.

ஃப்ளாஷை இயக்கும் ட்ரிகர் என் கேமராவில்தான் வேலை செய்யும். ஆக, என் கேமராவைக் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் என் கேமராவை இன்னொருவர் கையில் கொடுத்ததில்லை. போலீஸ் பிடுங்கியபோதுகூடக் கொடுக்கவில்லை. என் லைட், என் கேமரா, படம் மட்டும் விமலாவுடையது. கேமரா வாரைக் கழுத்திலிருந்து கழற்ற எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. தங்கராசுவின் கை மறுபடி துண்டைத் தேடிப் போனதைப் பார்த்தேன். கழற்றிக் கொடுத்தேன்.

படுதாவுக்கு முதுகைக் காட்டி அதன் நடுவில் நின்று, இரண்டு கையையும் பின்னால் விரித்து அதை வெளியே தள்ளிக்கொண்டேன். சாக்கைத் தாண்டிச் சாரல் முதுகை நனைத்தது. விமலா சாக்பீஸ் கோட்டில் நின்றார். எடுக்காமல் பேச ஆரம்பித்தார்.

"எந்த ஊருங்க வயலு?"

"கோவில்பத்துங்க."

"நடவு முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது. மூணு நாளாத் தண்ணி நிக்கிது. வடிச்சி உடணும்."

"யாரு பாக்கறா இப்ப?"

"இவதான்" என்று மனைவியைப் பார்த்தார். "மடையத் தொறக்கத் தெரியாது, வாய் மட்டும் தெரியும்."

"ஆமா, இவரு போயி மூணு நாளாத் தொறந்துட்டாரு" என்றார் சரோஜா.

தங்கராசுவின் முகம் இளகிய அந்த இடத்தில் விமலா அழுத்தினார். மொத்தம் நான்கு படம். நான் முக்கால் மணி நேரத்தில் நாற்பது எடுத்திருந்தேன். மூன்றாவதைத் திரையில் பார்த்த சரோஜா தலையை மட்டும் ஆட்டினார். தங்கராசு வாங்கிப் பார்த்தார். வீக்கம் இருந்தது. அதைத் தேடினால்தான் தெரியும். தெரிந்தது அவர்தான்.

"சரிங்க" என்றார். "இது போதும்."

பன்னிரண்டு முப்பதுக்கு விமலா பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். பிரிண்ட்டைச் செருகிக் கொடுத்த அட்டையில் தன் கடைப் பெயர் இருந்த இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி, பேனாவால் என் கடைப் பெயரை எழுதியிருந்தார். ஏன் இப்படி என்று கேட்டேன். அவுங்க உங்க கஸ்டமருண்ணே என்றார். அதை மட்டும் செய்யாமல் இருந்திருக்கலாம். தோற்றவனுக்குப் பெருந்தன்மையைத் தாங்குவது கஷ்டம்.

இனி, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். முதல் லைட் ஒன்று வாங்குங்கள், இரண்டு வேண்டாம். அதற்கு முன்னால் உங்கள் அறையின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் அறையைப் பற்றிக் கேட்டால் அவர் நல்லவர், பதில் சொல்லுங்கள். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கப் பெரிய வெள்ளைப் பரப்பு ஒன்று ஏற்பாடு செய்யுங்கள். சுவரோ, வேட்டியோ, சாக்கோ எதுவானாலும் சரி. உங்கள் கடைக்கு எந்த முகங்கள் வரும் என்று ஒரு மாதம் பாருங்கள். ஒரு ஆளை உட்கார வைத்துப் பத்து நிமிடத்தில் படம் வரவில்லை என்றால் நிறுத்துங்கள். அவர் களைத்த பிறகு எந்த லைட்டும் உதவாது. அந்த எட்டாவது கடைக்கு முதல் வாரமே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். நான் போக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

தங்கராசு பிழைத்துக்கொண்டார். பேச்சு குழறும், கஞ்சியும் குழைந்த சாதமும்தான் சாப்பாடு. ஆனாலும் மடையைத் திறக்கத் தன் கையாலேயே மண்வெட்டி எடுக்கிறார். நான் கடையை மூடும்வரை, பூதலூருக்கு வந்தால் வண்டியை என் கடை வாசலில் நிறுத்துவார், ஒரு கும்பிடு போடுவார். மகளின் கல்யாணத்துக்குப் படம் எடுக்க வேண்டியிருந்தபோது வண்டியை என் வாசலில் நிறுத்திவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு விமலா கடைக்கு நடந்து போனார். எனக்கு எரிந்தது. இப்போதும் அதை எழுதும்போது கொஞ்சம் எரிகிறது. இந்தத் தொழிலில் அது போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த மூன்றாவது படம் என் கேமராவில் எடுத்ததால் என்னிடமும் இருக்கிறது. அன்று சாயங்காலம் கடையைச் சாத்துவதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கதவு, உயரமான வெள்ளைச் செவ்வகமாகத் தெரிந்தது. அதன் நடுவில் வழக்கமான கருங்கோடு. கீழிருந்து முக்கால் உயரம். மேலே ஒரு சின்ன உருண்டை, முழங்கை இரண்டும் வெளியே மடங்கி.

அது இடைவெளி இல்லை. வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி, சாக்பீஸ் கோட்டில் நிற்கும் விமலா. நான் மாதக்கணக்காகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்த எல்லாக் கண்ணிலும் அவர்தான் நின்றிருக்கிறார். எடுத்தவன் எங்கே நின்றான் என்று பார்க்கச் சொல்லிக்கொடுக்கப்பட்டவன் நான். ஆளை லைட் என்று நினைத்து, திருச்சி வரை போய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இந்தப் படத்தில் மட்டும் பக்கத்தில் இன்னொரு கோடு இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, இன்னும் மெல்லியதாக, இரண்டு கையும் பின்னால் விரிந்து. சரோஜா வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தில் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. நான் இதுவரை எடுத்ததிலும் எடுக்காததிலும் ஆகச் சிறந்த முகப்படத்தில், படுதாவைப் பிடித்தபடி நான் இருக்கும் இடம் அது.